மியாட்டாவில் ஷார்ட் ஷிஃப்டர்: லீவரோடு புஷ்ஷையும் மாற்றுங்கள்

மியாட்டா என்று எல்லாரும் சொல்லும் மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989இல் வந்த முதல் தலைமுறை, ஐந்து கியர் மாடல். இந்தச் செய்முறை அதற்கானது. இதில் கியர் லீவர் நேராகக் கியர்பாக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும்; இடையில் கேபிள் கிடையாது. காருக்கு அடியில் படுக்காமல் உள்ளே உட்கார்ந்தபடியே முழு வேலையையும் முடிக்கலாம்.

லீவர் ஓர் உருண்டையின் மேல் ஆடுகிறது. ஷார்ட் ஷிஃப்டர் என்பது கியர் மாற்றும்போது கை நகரும் தூரத்தைக் குறைக்கும் மாற்று லீவர்; அதில் உருண்டைக்குக் கீழே உள்ள பகுதி நீளம். கை கொஞ்சம் அசைந்தாலே உள்ளே வேண்டிய தூரம் நகர்ந்துவிடும், ஆனால் கூடுதலாக அழுத்த வேண்டும். இரண்டாவது கியர் ஏற்கெனவே கரகரக்கிறதா? அப்படியென்றால் இப்போது வாங்காதீர்கள். தேய்ந்த சிங்க்ரோவை (கியர்கள் உரசாமல் சேர வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) இது சரிசெய்யாது.

லீவரோடு புது நைலான் புஷ்களையும் (லீவர் ஆடாமல் பொருந்த இடையில் போடும் சின்ன உறைகள்) இரண்டு ரப்பர் பூட்களையும் (லீவரைச் சுற்றி மூடும் ரப்பர் உறைகள்) கட்டாயம் வாங்குங்கள். பழைய காரில் லீவர் தளதளவென்று ஆடுவதற்குப் பெரும்பாலும் தேய்ந்த புஷ்தான் காரணம். அதை மட்டும் மாற்றிப் பார்த்தே பலருக்கு ஆசை தீர்ந்துவிடும்.

1. சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வையுங்கள். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும்.

2. லீவரின் தலையில் கை பிடிக்கும் நாப்பைத் திருகிக் கழற்றி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள கன்சோலை எடுங்கள். பவர் விண்டோ இருந்தால் சுவிட்ச் ஒயரைப் பிடுங்கிய பிறகே தூக்க வேண்டும்.

3. மேல் பூட்டைக் கழற்றியதும், லீவரைப் பிடித்திருக்கும் மூன்று போல்ட் தெரியும். சுற்றியுள்ள மண்ணை முதலில் வேக்குவம் போட்டு எடுத்துவிடுங்கள். ஒரு துகள்கூட உள்ளே விழக்கூடாது. நீண்ட எக்ஸ்டென்ஷனோடு கால் அங்குல ரேச்செட் போதும். பெரிய ரேச்செட் இந்த இடுக்கில் திரும்பாது.

4. லீவரை நேராக மேலே இழுங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். லீவரின் கீழ்நுனியில் குப்பி மாதிரி ஒரு சின்ன நைலான் புஷ் இருக்கும். பல சமயம் அது லீவரோடு வராமல், கறுத்த ஆயிலுக்குள் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும். அதன் மேலேயே புது புஷ் போட்ட லீவரை இறக்கினால் சரியாக உட்காராது; கியர் பாதியில் முட்டும். ஆயிலை சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். நீண்ட மூக்குக் குறடால் அதை எடுத்துவிடலாம். புஷ், அலை வாஷர் எல்லாம் எந்த வரிசையில் வந்தன என்று ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

5. லீவர் உட்காரும் குழிக்கு கியர்பாக்ஸ் ஆயிலைச் சேராத தனி ஆயில் உண்டு. 75டபிள்யூ-90, ஜிஎல்-4 ரகக் கியர் ஆயிலை 80 முதல் 90 மி.லி. வரை ஊற்றுங்கள். இது வறண்டு போனதாலேயே கியர் இறுகிய கார்கள் நிறைய.

6. உருண்டைக்கு கிரீஸ் தடவி, புது புஷ், புது பூட்டோடு இறக்கி, போல்ட்களை மாற்றி மாற்றி இறுக்குங்கள். கன்சோலை மூடுமுன், எஞ்சினைப் போடாமல் கிளட்ச்சை மிதித்து, ரிவர்ஸ் உட்பட எல்லா கியரும் முழுதாக விழுகிறதா பாருங்கள்.

பின்சேர்க்கை: மாட்டிய பிறகு சூடும் இரைச்சலும் உள்ளே வருகிறது என்று எழுதியவர்களுக்கு: கீழ் பூட் கிழிந்திருக்கும், அல்லது அதன் விளிம்பு மடங்கியிருக்கும். லீவரில் மட்டும் ரீங்காரம் கேட்டால் அது வேறு. இடையில் ரப்பர் இல்லாத ஒரே துண்டு லீவர்கள் அப்படித்தான் அதிரும். கனமான நாப் போட்டால் குறையும், முழுதாகப் போகாது. தினமும் ஓட்டும் காருக்கு ரப்பர் உள்ள லீவரையே நான் வாங்கச் சொல்வேன்.