கழிவுநீரில் வைரஸ் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோரோ, ரோட்டா, ஹெபடைடிஸ் ஏ, ஈ ஆகிய வைரஸ்கள் மலத்தோடு வெளியேறிக் கழிவுநீரில் கலக்கின்றன. மருத்துவமனைக்கே போகாதவரின் தொற்றும் அதில் தெரியவரும். நாம் சரியாகத் தேடினால்தான்.

வடசென்னையில் மாதிரி எடுப்பதென்றால் ஓட்டேரி நல்லா ஓடையிலோ பக்கிங்காம் கால்வாயிலோ ஒரு வாளி மொண்டு வருவது எளிது. அதைச் செய்யாதீர்கள். பல இடத்து நீர் கலந்த கால்வாயில், கிடைத்த வைரஸ் எந்தத் தெருவுக்குரியது என்று சொல்ல முடியாது. கழிவுநீரேற்று நிலையத்திலோ, கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நீர் நுழையும் இடத்திலோ, 24 மணி நேரமும் சிறிது சிறிதாகச் சேகரியுங்கள். சேகரிக்கும்போதே 4 டிகிரி குளிர்ச்சி வேண்டும். உறையவைத்து உருக்கி, மறுபடி உறையவைப்பது கூடாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, வைரஸின் மரபுப் பொருளைச் சுழற்சி சுழற்சியாகப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் கருவி எதுவும் காட்டாதபோது உடனே 'வைரஸ் இல்லை' என்று அறிக்கை எழுதுவது. மட்கிய பொருள்களும் கொழுப்பும் பிசிஆர் வினையையே முடக்கிவிடும். மாதிரியிலிருந்து பிரித்தெடுத்த ஆர்என்ஏவை, அதாவது வைரஸின் மரபுப் பொருளை, பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். தடை இல்லையென்றால் சமிக்ஞை சுமார் 3.3 சுழற்சி தாமதமாக வர வேண்டும். தாமதமே இல்லாமல் வந்தாலோ, நீர்த்த பிறகுதான் வந்தாலோ, முதல் முடிவைக் குப்பையில் போடுங்கள். வைரஸைச் செறிவாக்கும்போதும் பெரும்பகுதி தொலைகிறது. எவ்வளவு தொலைந்தது என்று அறிய, தொடக்கத்திலேயே மெங்கோ வைரஸ் போன்ற ஓர் ஒப்பீட்டு வைரஸைத் தெரிந்த அளவில் கலந்துவிட வேண்டும். அதன் மரபுப் பொருளில் 1,00,000 நகல்கள் கலந்து 2,000 மட்டுமே மீண்டால் மீட்பு 2 சதவீதம். இந்த எண் இல்லாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

வடகிழக்குப் பருவமழையில் மழைநீர் புகுந்து கழிவுநீர் நீர்த்துப்போகும். அளவு குறைந்ததும் நோய் குறைந்தது என்று மகிழ வேண்டாம். உணவு வழியே வந்து மலத்தில் ஏராளமாக உள்ள மிளகாய்ச் செடி வைரஸையும் அளந்து ஒப்பிடுங்கள்; அதுவும் சேர்ந்து குறைந்திருந்தால், நீர்த்துப்போனதே காரணமாக இருக்கலாம்.

மலம் கலந்ததற்கு அடையாளமாகப் பார்க்கப்படும் ஈ.கோலை பாக்டீரியா இல்லையென்றால் வைரஸும் இல்லை என்று கொள்வதும் தவறு; குளோரினுக்கு முதலில் மடிவது பாக்டீரியாதான்.

எதிர்த் திசையிலும் தவறுவதுண்டு. பிசிஆர் காண்பது மரபுப் பொருளை மட்டுமே. செத்த வைரஸும் அதில் தென்படும். தொற்றும் திறனை அறிய செல் வளர்ப்புச் சோதனை வேண்டும். போலியோவில் இன்னும் கவனம் தேவை. சொட்டு மருந்து பெற்ற குழந்தையின் மலத்தில் தடுப்பூசி வைரஸ் வெளியேறுவது இயல்பு. கிடைத்தது தடுப்பூசி வைரஸா, நோய் தரும் வைரஸா என்று மரபணு வரிசை பார்க்காமல் செய்தியாளரிடம் பேசினால், மறுநாள் காலை தண்டையார்ப்பேட்டைத் தாய்மார்கள் பதறிப்போவார்கள்.