கடற்காற்றில் ஆடும் கைக்கு ஏற்ற டென்னிஸ் மட்டையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரையில் டென்னிஸ் ஆடுபவர் புதிய மட்டை வாங்கக் கடைக்குப் போனால், முதலில் எடுத்து நீட்டப்படுவது பெரும்பாலும் ஏதேனும் ஓர் உலகப் புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரோடு சேர்ந்து விற்கும் மட்டையாகவே இருக்கும். அது நல்ல மட்டையாகத்தான் இருக்கும். ஆனாலும் நம் கைக்கும், நாம் பந்தை அடிக்கும் முறைக்கும், பிற்பகலில் மண்டபம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் களத்தின் குறுக்கே வீசும் காற்றுக்கும் அது ஒத்துவருமா என்பதை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். காற்று மிகுந்த கரையில் ஆடுகிறவர், ஆட்டத்தின் கடைசி வரை களைப்பின்றி வீச முடிகிற அளவுக்குள் கூடுதலான எடையுள்ள மட்டையையும், மட்டையின் முகத்தில் பின்னும் இழையான நரம்பில் முழங்கையை நோகவிடாததையும் தேட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து; பெயரும் வண்ணமும் அதற்குப் பின்னால் வரட்டும்.

காற்றை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாம்பனின் பழைய ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். அவ்வளவு கடுமையான நாளில் யாரும் டென்னிஸ் ஆடப் போவதில்லை என்றாலும், ஆனி, ஆடி மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்து அடிக்கும் கச்சான் காற்றும், ஐப்பசிக்குப் பிறகு பாக் நீரிணைப் பக்கமிருந்து இறங்கும் வாடையும், அவை ஓய்ந்த மாதங்களில்கூட நண்பகலுக்குப் பின் எழும் கடற்காற்றும் பந்தை எதிர்பார்த்த இடத்திலிருந்து ஒரு சாண் அளவுக்கு நகர்த்திவிடும். அதனால் நம் பந்துகளில் பல, மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் படும். அப்படி ஓரத்தில் பட்ட பந்தையும் மட்டை எவ்வளவு உறுதியாகத் திருப்பி அனுப்புகிறது என்பதை வைத்துத்தான் இங்கே ஒரு மட்டையை மதிப்பிட வேண்டும்.

மட்டையைப் பற்றி யோசிக்கும் முன் நம் ஆட்டத்தை நாமே பார்ப்பது நல்லது. களத்தின் பின் எல்லையான பின்கோட்டுக்குப் பின்னால் ஒரு நண்பரை நிற்கவைத்து, அரை மணி நேர ஆட்டத்தைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். கை தாழ்விலிருந்து மேலே எழுந்து தோளுக்கு மேல் முடிகிறதா, அல்லது நேராக முன்னே தள்ளி முடிகிறதா, வீச்சு நீளமானதா குறுகியதா, வலையை நோக்கி எத்தனை முறை ஏறிப் போகிறீர்கள், பேக்ஹேண்டை ஒரு கையால் ஆடுகிறீர்களா இரு கைகளால் ஆடுகிறீர்களா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். நீண்ட வீச்சில் பந்தைச் சுழற்றி அடிப்பவர் வேகத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். அவருக்கு மட்டையிடமிருந்து கட்டுப்பாடுதான் வேண்டும். குறுகிய வீச்சு உடையவருக்கும் வயது ஏறியவருக்கும் மட்டைதான் வேகத்தைத் தர வேண்டியிருக்கும். இந்த ஒரு வேறுபாடு தெளிவானாலே தேர்வின் பாதி முடிந்துவிடும்.

1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்ற நம் தமிழ்நாட்டு ராமநாதன் கிருஷ்ணன், பலத்தைவிடப் பந்தை வைக்கும் இடத்தையும் கையின் நுட்பத்தையும் நம்பி ஆடியவர். அவர் காலத்து மர மட்டைகளில் பந்தை அடிக்கும் பரப்பான முகம் இன்றைய மட்டைகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, எடையோ மிக அதிகம். அத்தகைய நுட்ப ஆட்டம் ஆடுகிறவர்கள் இன்றும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். வேகத்துக்காகவே வடிவமைத்த மட்டையை அவர்கள் கையில் திணிப்பது பொருந்தாது.

மட்டையின் நீளம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. பெரியவர்களுக்கான வழக்கமான நீளம் 27 அங்குலம். விதி 29 அங்குலம் வரை அனுமதிக்கிறது. முகத்தின் பரப்பில்தான் கவனம் வேண்டும். 95 முதல் 98 சதுர அங்குலம் வரையுள்ள முகம் பந்தைக் குறித்த இடத்துக்கு அனுப்பும். ஆனால் நடுவில் படாத அடியை மன்னிக்காது. 100 சதுர அங்குலம் இன்று மிகப் பலரும் ஆடும் அளவு. 105-க்கு மேற்பட்டவை வேகத்தையும் தாராளமான நடுப்பரப்பையும் தருகின்றன. இரட்டையர் ஆட்டத்தை விரும்பும் மூத்தவர்களுக்கு அவை மிகவும் உதவும். ரோஜர் ஃபெடரரே நெடுங்காலம் ஆடிய 90 சதுர அங்குல முகத்தை விட்டு 2014-இல் 97-க்கு மாறினார் என்பதை, சிறிய முகத்தைப் பெருமையாகக் கருதும் இளைஞர்கள் நினைத்துப் பார்க்கலாம். நம் கரையில் ஆடுபவர், முறையான பயிற்சியும் போட்டி அனுபவமும் உள்ளவராக இருந்தாலன்றி, 98-க்குக் கீழே போக வேண்டாம் என்பேன்.

எடைக்கு வருவோம். இதில்தான் மிகுதியானோர் கடையிலேயே தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள், ஏனென்றால் கடையில் சும்மா வீசிப் பார்க்கும்போது எடை குறைந்த மட்டைதான் இனிமையாகத் தோன்றும். 260 முதல் 280 கிராம் வரையுள்ள மட்டை தொடக்கநிலையினருக்கும் மெலிந்த உடலினருக்கும் ஏற்றது. நல்ல உடல்நலத்தோடு வாரத்தில் சில நாட்களாவது ஆடும் பெரியவருக்கு 285 முதல் 305 வரை பொருந்தும். அதற்கு மேல் உள்ளவை நீண்ட, முழுமையான வீச்சும் தோள் வலிமையும் உடையவர்களுக்கானவை. மட்டையில் அச்சிட்டிருக்கும் எடை பெரும்பாலும் நரம்பு போடாத எடை; நரம்பு ஏறியதும் ஏறத்தாழ 15 முதல் 18 கிராமும், பிடியின் மேலே சுற்றும் நாடாவான ஓவர்கிரிப்பால் சுமார் 5 கிராமும் கூடும். எதிரில் வரும் வேகமான பந்தோ, காற்று தள்ளிக்கொண்டு வரும் பந்தோ ஓரத்தில் படும்போது எடை குறைந்த மட்டை கைக்குள் திரும்பிவிடுகிறது. அந்தத் திருகலைத் தாங்குவது மணிக்கட்டும் முழங்கையும்தான். எடையுள்ள மட்டை அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். ஆகவே இரண்டு மட்டைகளுக்கு இடையே தயங்கி நிற்பவர், இரண்டாவது செட்டின் முடிவிலும் சர்வ் போடும் கை தளரவில்லை என்றால், கனமானதையே எடுத்துக்கொள்ளலாம்.

எடை எங்கே குவிந்திருக்கிறது என்பதும் எடையைப் போலவே முக்கியமானது. ஒரு பென்சிலின் மேல் மட்டையைக் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் புள்ளியைப் பிடியின் அடியிலிருந்து அளந்து பாருங்கள். 27 அங்குல மட்டையின் சரிபாதி சுமார் 34 சென்டிமீட்டர். அந்தப் புள்ளி அதற்குக் கீழே, பிடியின் பக்கம் இருந்தால் மட்டை வலையருகே சட்டென்று திரும்பும். பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் வாலி ஆடுபவருக்கும் ஒரு கை பேக்ஹேண்ட் உடையவருக்கும் அது உகந்தது. அதற்கு மேலே, தலைப்பக்கம் இருந்தால் குறைந்த எடையிலேயே அடிக்கு வலு கிடைக்கும், ஆனால் காற்றில் கடைசி நொடியில் வீச்சைத் திருத்துவது கடினம். எடை குறைந்து தலை கனத்த மட்டைகளை நம் களங்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

மட்டையின் சட்டமான ஃபிரேமின் விறைப்பை எண்ணால் குறிப்பார்கள். பொதுவாக 55 முதல் 72 வரை இருக்கும். எண் கூடக்கூட வேகமும் கூடும், கைக்கு வரும் அதிர்வும் கூடும். முழங்கையில் முன்பே வலி வந்தவர் 65-க்குக் கீழ் உள்ளதைத் தேட வேண்டும்.

பிடியின் சுற்றளவைப் பலர் கவனிப்பதே இல்லை. மட்டையை ஃபோர்ஹேண்ட் அடிக்கப் பிடிப்பதுபோல் பிடித்து, விரல் நுனிகளுக்கும் உள்ளங்கை மேட்டுக்கும் நடுவே மற்றக் கையின் ஆள்காட்டி விரலை வைத்துப் பாருங்கள். விரல் இறுக்கமின்றி அடங்கினால் அளவு சரி. இடமே இல்லையென்றால் பிடி சிறியது, விரலுக்கு மேல் இடைவெளி மிஞ்சினால் பெரியது. 2-ஆம் எண் பிடியின் சுற்றளவு சுமார் 108 மில்லிமீட்டர், 3-ஆம் எண்ணுடையது சுமார் 111. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் சிறியதை வாங்குவதே அறிவுடைமை, ஏனெனில் ஓவர்கிரிப் சுற்றி அதைப் பருமனாக்கலாம், பெரியதைச் சிறிதாக்குவது கடினம். வைகாசி, ஆனி மாதப் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்த்து மட்டை வழுக்கும்போது, அதை நழுவவிடாமல் இருக்க விரல்கள் தாமாகவே இறுகும். முழங்கை வலி பல நேரங்களில் அந்த இறுக்கத்திலிருந்தே தொடங்குகிறது. எனவே பசைத்தன்மை உள்ளதைவிட, வியர்வையை உறிஞ்சும் உலர்ந்த வகை ஓவர்கிரிப்பையே வாங்கி, அடிக்கடி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி, ஆட்டக்காரர்கள் கட் (gut) என்று சொல்லும் நரம்பு. பந்தைத் தொடுவது நரம்பு மட்டுமே என்பதால், நடுத்தர விலை மட்டையில் பொருத்தமான நரம்பு போட்டு ஆடுபவர், விலையுயர்ந்த மட்டையில் பொருந்தாத நரம்போடு ஆடுபவரைவிட நன்றாக ஆடுவதைக் காணலாம். பாலியஸ்டர் நரம்பு விறைப்பானது; கடுமையாகச் சுழற்றி அடிப்பவரின் பந்தை எல்லைக்குள் இறக்கித் தரும், எளிதில் அறுபடாது. ஆனால் அறுபடுவதற்கு வெகு முன்பே அதன் இழுவை தளர்ந்து, பிறகு அதிர்வை மட்டுமே கைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும். அறுபடவில்லையே என்று மாதக்கணக்கில் அதோடு ஆடுவது முழங்கைக்குக் கேடு. சிறுவர்களுக்கும், வாரத்துக்கு ஒரு நாள் ஆடுபவர்களுக்கும், மென்மையாக ஆடுபவர்களுக்கும் அது தேவையே இல்லை. நுண்ணிய இழைகள் பலவற்றைச் சேர்த்து முறுக்கிய மல்டிஃபிலமென்ட் நரம்பு கைக்கு மிகவும் இதமானது. சாதாரண நைலான் நரம்பு விலை குறைவு, பெரும்பாலானோருக்கு அதுவே போதும். மாட்டுக் குடலிலிருந்து செய்யும் இயற்கை நரம்பு மிகச் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஈரத்தில் அது ஊதிப் பிரிந்து போகும் என்பதால், ஆண்டில் பெரும்பகுதி காற்றே ஈரமாக இருக்கும் இந்தக் கரையில் அவ்வளவு விலை கொடுத்து அதை வாங்குவது வீண்.

நரம்பின் பின்னலும் ஆட்டத்தை மாற்றும். நெடுக்கில் 16, குறுக்கில் 19 என்று இடைவெளி விட்டுப் பின்னிய மட்டை பந்துக்குச் சுழற்சியும் உயரமும் தரும். 18-க்கு 20 என்று நெருக்கமாகப் பின்னியது தாழ்வாக, நேராக அடிப்பவருக்குக் கட்டுப்பாடு தரும். காற்றில் உயரமாகப் போகும் பந்து அலைக்கழியும் என்பது உண்மைதான். ஆயினும் நல்ல சுழற்சியுடன் போகும் பந்து காற்று தள்ளினாலும் எல்லைக்குள் இறங்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், பலருக்கு 16-க்கு 19 பின்னலே ஏற்றது.

இழுவையைப் பொறுத்தவரை, மட்டையிலேயே ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது 22 முதல் 27 கிலோ வரைக்குள் அமையும். இறுக்கினால் கட்டுப்பாடு, தளர்த்தினால் வேகமும் இதமும் கிடைக்கும். நைலானுக்கு வரம்பின் நடுப்புள்ளியில் தொடங்கலாம், பாலியஸ்டருக்கு அதிலிருந்து ஒன்று அல்லது இரண்டு கிலோ குறைக்க வேண்டும். வாடைக் காலத்து மாலைகளில் பந்தின் மேலுள்ள பஞ்சு ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடுவதால், அந்த மாதங்களில் இன்னும் ஒரு கிலோ தளர்த்திப் போட்டால் கை பிழைக்கும். நரம்பு போட எந்திரம் உள்ள கடையைத் தேடி நூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து மதுரைக்குப் போக நேர்பவர்கள், போட்ட தேதியையும் இழுவையையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி உறைக்குள் வைத்துக்கொள்ளட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டையை விட்டுச் செல்வது நரம்பைத் தளர்த்திவிடும். மணல் கலந்த மண் களத்தில் ஆடியபின், பின்னலுக்கு இடையே சிக்கிய மணலை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் நரம்புகள் ஒன்றையொன்று அராவுவது குறையும்.

எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வதானால், பின்கோட்டிலிருந்து சுழற்றி அடிக்கும் இளைஞருக்கு 100 சதுர அங்குலம், 300 கிராம், 16-க்கு 19 பின்னல். தாழ்வாக அடித்து, பந்தைக் கீழ்நோக்கிச் சீவும் ஸ்லைஸும் வலையை ஒட்டி மெல்ல இறக்கும் டிராப்பும் கலந்து ஆடுபவருக்கு 98 சதுர அங்குலம், 305 கிராம், பிடிப்பக்கம் கனம், மல்டிஃபிலமென்ட் நரம்பு. மாலையில் இரட்டையர் ஆடும் மூத்தவருக்கு 105 சதுர அங்குலம், 280 கிராமுக்குக் குறையாத எடை, விறைப்புக் குறைந்த ஃபிரேம் என்று தொடங்கலாம். வில்சன், பாபோலாட், ஹெட், யோனெக்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களிடமும் இந்த மூன்று வகைகளுக்கும் பொருந்தும் மட்டைகள் உண்டு.

சிறுவர்களுக்கு வயதைவிட உயரத்தைப் பார்த்து 19, 21, 23, 25, 26 அங்குல மட்டைகளில் ஒன்றை வாங்க வேண்டும். வளர்ந்துவிடுவான், வளர்ந்துவிடுவாள் என்று பெரிய மட்டையை இப்போதே கொடுத்தால், கனம் தாங்காமல் வீச்சே கோணலாகப் படிந்துவிடும்.

பணம் கொடுக்கும் முன் மட்டையை நண்பரிடமோ பயிற்சியாளரிடமோ இரவல் வாங்கி, காற்று ஓய்ந்த காலையில் ஒருமுறையும், காற்று எழுந்த பிற்பகலில் ஒருமுறையும் ஆடிப் பாருங்கள். காலையில் எந்த மட்டையும் நன்றாகத்தான் இருக்கும். பிற்பகலில் எதிர்க்காற்றில் சர்வ் போடும்போதும், பக்கக் காற்றில் ஓடிச் சென்று பேக்ஹேண்ட் எடுக்கும்போதும்தான் அதன் குணம் தெரியும். மறுநாள் காலையில் மணிக்கட்டும் முழங்கையின் வெளிப்பக்கமும் வலிக்கிறதா என்றும் கவனியுங்கள். பழைய மட்டையை வாங்குவதாக இருந்தால், முகத்தின் உச்சிக்கு இருபுறமும், பிடிக்கு மேலே ஃபிரேம் இரண்டாகப் பிரியும் இடத்திலும் மயிரிழை போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். கார்பன் ஃபிரேம் உப்புக்காற்றில் துருப்பிடிப்பதில்லை. ஆனால் நரம்பு நுழையும் பிளாஸ்டிக் குழல்கள் வெயிலில் நொறுங்கியிருக்கலாம். அவற்றைத் தனியாக வாங்கிப் பொருத்த முடியுமா என்று கேட்டறிந்த பிறகு விலை பேசுங்கள். ஃபிரேமிலேயே வெடிப்பு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த மட்டை வேண்டாம்.