பேரிங் சீக்கிரம் போகுதா? கிரீஸ், ஆயில் விஷயத்துல நாம பண்ற தப்புகள்

ஆயில்னா வழவழன்னு இருக்கறதுக்குன்னு நினைக்கிறதுதான் முதல் தப்பு, ரெண்டு இரும்பு ஒன்னையொன்னு தொடாம நடுவுல படலமா நின்னு லோடை தாங்குறதுதான் அதோட வேலையே. 1880கள்ல இங்கிலாந்துல பீச்சம் டவர்னு ஒரு இன்ஜினியர் ரயில் அச்சு பேரிங்கை டெஸ்ட் பண்ணும்போது ஆயில் விட மேல ஒரு ஓட்டை போட்டாரு, ஓட ஆரம்பிச்சதும் ஆயில் அந்த ஓட்டை வழியாவே பொங்கி வந்துச்சு, கார்க் வச்சு அடைச்சா கார்க்கை தள்ளுது, மரக்கட்டையை அடிச்சு இறக்கினா அதையும் தள்ளுது, கேஜ் மாட்டிப் பார்த்தா பிரஷர் 200 பிஎஸ்ஐக்கு (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டுங்கற அளவு) மேல! பேரிங் மேல இருந்த சராசரி லோடு வெறும் 100தான். சுத்துற ஷாஃப்ட்டே ஆயிலை உள்ள இழுத்து அந்த பிரஷரை உண்டாக்குதுன்னு 1886ல ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் கணக்கு போட்டு காட்டினாரு.

பால் பேரிங்ல, அதாவது உள்ள இரும்பு குண்டுங்க (பால்) உருளுற பேரிங்ல, கதை இன்னும் நுணுக்கம். லீட்ஸ் யுனிவர்சிட்டில டங்கன் டௌசன் வாழ்நாள் முழுக்க இதைத்தான் ஆராய்ச்சி பண்ணாரு, செயற்கை இடுப்பு மூட்டு வரைக்கும் இதே அறிவை கொண்டு போனவரு, எனக்கு அவர் மேல பெரிய மரியாதை. அவரும் கூட ஆராய்ச்சி பண்ண ஹிக்கின்சனும் போட்ட கணக்குப்படி பாலுக்கும் ரேஸுக்கும் (பால் உருளுற வளையம்) நடுவுல ஆயில் கிட்டத்தட்ட திடப்பொருள் மாதிரி இறுகிடும், இரும்பே கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், படலத்தோட தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் கீழ. அப்போ ஒரு பொடி மண்ணு உள்ள போனா என்ன ஆகும்னு யோசிங்க. நிப்பிளை (கிரீஸ் உள்ள போற முனை) துடைக்காம கிரீஸ் கன்னை மாட்டாதீங்க, கன் வாயில இருக்கற முதல் துளியை துணில விட்டுட்டு அப்புறம் அடிங்க.

அதிகமா நடக்கற தப்பு, சீல் வழியா பிதுங்குற வரைக்கும் கிரீஸ் அடிக்கிறது. சாதாரண ஸ்பீடுல ஓடுற பேரிங்குக்கு ஹவுசிங்ல (பேரிங் உக்கார்ற கூடு) இருக்கற காலி இடத்துல மூணுல ஒரு பங்குலேருந்து பாதி வரைக்கும் போதும், நிறைச்சா பால் கிரீஸை கடைஞ்சுகிட்டே ஓடி சூடாகும், 70 டிகிரிக்கு மேல ஒவ்வொரு 15 டிகிரிக்கும் கிரீஸோட ஆயுசு பாதியாகும்னு பொதுவா ஒரு கணக்கு இருக்கு. மோட்டார்ல டிரெயின் பிளக் இருந்தா கழட்டிட்டு மெதுவா அடிங்க, கொஞ்ச நேரம் ஓட விட்டு பழைய கிரீஸ் வெளிய வந்ததும் மூடுங்க. பிளக்கை மூடி வச்சு அடிச்சா சீல் கிழிஞ்சு கிரீஸ் மோட்டாரோட வைண்டிங்குக்கே (உள்ள சுத்தியிருக்கற கம்பிச்சுருள்) போயிடும், அப்புறம் செலவு பேரிங்கோட நிக்காது.

கலரைப் பார்த்து கிரீஸை கலக்காதீங்க, கலர் வெறும் சாயம்தான். லித்தியம் கிரீஸ் இருக்கற இடத்துல பாலியூரியாங்கற வேற வகை கிரீஸ் போட்டா ரெண்டும் சேராம இளகி ஓடிடற வாய்ப்பு நிறைய.

பைக்ல கார் ஆயில் ஊத்துறதும் அப்படித்தான். நிறைய பைக்ல கிளட்ச் இன்ஜின் ஆயில்லயே மூழ்கி இருக்கும், அதுக்கு உராய்வு வேணும், கார் ஆயில் சிலதுல உராய்வைக் குறைக்கிற கெமிக்கல் இருக்கறதால கிளட்ச் ஸ்லிப் ஆகும். டப்பால ஜேசோ (JASO, ஜப்பான் தரக்குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2ன்னு போட்டிருக்கான்னு பார்த்து வாங்குங்க.