புகார்ப் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்

பகலில் கோடிங், மாலையில் தெருப் பிரச்சினை என்று ஓடும் புரோகிராமர்களுக்கு ஒரு குறிப்பு. சாலைக் குழி, எரியாத விளக்கு எனப் பகுதி மக்கள் வாட்ஸ்அப்பில் படங்களைத் தட்டிவிடுவார்கள். சாதாரணப் படமாக அனுப்பினால், எடுத்த இடம், நேரம் அடங்கிய எக்ஸிஃப் விவரம் கழன்றுவிடும். ‘எந்த இடம், எப்போது எடுத்தது?’ என்று அதிகாரி கேட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான். அதையே டாக்குமென்டாக அனுப்பினால் விவரம் அப்படியே வந்து சேரும். கேமராவில் லொகேஷன் ஆன் செய்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எக்ஸிஃப் விவரத்தைப் படிக்கும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருளில் ஒரே கட்டளை போட்டால், எல்லாப் படங்களின் ஜிபிஎஸ் எண்களும் சிஎஸ்வி கோப்பாக, அதாவது அட்டவணையாக, வந்துவிடும். இதற்கென்று தனி ஆப் எழுத உட்காராதீர்கள். நம் ஆட்களுக்கு அந்த அரிப்பு உண்டு! படத்தைப் பொதுவில் போடும்முன் எக்ஸிஃபை நீக்கிவிடுங்கள். வீட்டு வாசலில் எடுத்த படமென்றால், புகார் கொடுத்தவர் குடியிருக்கும் இடமும் கூடவே வெளியே போய்விடும்.