கார் சக்கரம் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

வேலூரிலோ காட்பாடியிலோ டயர் கடையில் பளபளக்கும் அலாய் வீலைப் பார்த்து ஆசைப்படுபவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆவது பிரிவில், ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 2019ஆம் ஆண்டுத் திருத்தம் வழிசெய்கிறது. ஆகவே உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளரே தரும் அளவுகளுக்குள் நிற்பதுதான் பாதுகாப்பான வழி.

முதலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அங்குள்ள ஸ்டிக்கரில் டயர் அளவையும் காற்றழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கணக்கு, பலரும் தவறுவது இங்கேதான். 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு. மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர் 240.5 மி.மீ., 15 அங்குல ரிம் 381 மி.மீ., ஆக மொத்த விட்டம் 621.5 மி.மீ. இதற்குப் பதிலாக 195/55 ஆர்16 போட்டால் 620.9 மி.மீ. வருகிறது, வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் 205/55 ஆர்17 போட்டால் விட்டம் 657.3 மி.மீ. ஆகிவிடும், மீட்டரில் 80 காட்டும்போது கார் முன்பைவிட ஏறத்தாழ 5 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடும்.

டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையவே கூடாது. 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545 கிலோதான்.

பிறகு போல்ட் வட்டத்தின் (போல்ட் துளைகள் அமைந்த வட்டம்) அளவு, நடுத்துளை, ஆஃப்செட் (வீலின் அகல மையக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகப்பு வரையுள்ள தூரம்) ஆகிய மூன்றும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாத வீலை ஸ்பேசர் என்னும் இடைவளையம் வைத்துச் சரிக்கட்டலாம் என்று கடைக்காரர் சொன்னால், தயங்காமல் மறுத்துவிடுங்கள். வீல் பேரிங்குக்கு அது கூடுதல் பளு, டயரும் மட்கார்டுக்கு வெளியே துருத்தி நிற்கும்.

மாட்டியதும் நான்கு பேரை உட்காரவைத்து, ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். கடை வாசலில் உரசாத டயர், ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் முழுச் சுமையோடு ஏறும்போது உரசக்கூடும். நட்டுகளை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் அன்றே முடித்து, 100 கி.மீ. ஓடியபின் நட்டுகளை மறுபடியும் சோதியுங்கள். டயர் பழையதானால் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, ரசீதை ஆர்.சி. நகலோடு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னி இன்னும் பழைய இரும்பு ரிம்மாகவே இருக்கும். அலாய் வீலின் நட்டுகள் அதில் சரியாக உட்காராமல் போகலாம் என்பதால், பழைய நட்டுகளை டிக்கியிலேயே போட்டு வையுங்கள்.