ஊட்டிக் குளிரில் கோல்ஃப்: தோள் திரும்ப வேண்டும்

ஊட்டி மைதானத்தில் ஜனவரி காலைகளில் புல்லில் உறைபனி படியும். தடித்த ஜாக்கெட்டோடு அடித்தால் தோள் பாதிதான் திரும்பும், பந்து தூரம் போகாது. நான் மாற்றியது இப்படி: உடலோடு ஒட்டும் மெல்லிய மெரினோ கம்பளி பனியன், மேலே மெல்லிய ஃப்ளீஸ் (பஞ்சுபோன்ற செயற்கை இழைத் துணி) சட்டை, வெளியே காற்று புகாத கையில்லாத ஜாக்கெட். பருத்தி பனியன் வேண்டவே வேண்டாம். மேட்டில் ஏறும்போது வியர்வையைக் குடித்துக்கொண்டு, நின்றதும் முதுகைச் சில்லிட வைக்கும். வாங்கும்போது மூன்றையும் சேர்த்துப் போட்டு முழுதாகச் சுழன்று பாருங்கள். அக்குளில் பிடித்தால் வெளி ஜாக்கெட்டை ஓர் அளவு பெரிதாக எடுங்கள்.

குளிரில் விரல் மரத்துப்போனால் மட்டையைப் பிடிக்கும் பிடி தானாக இறுகிவிடும். அதனால் அடிக்கும் நேரம் தவிர இரு கையிலும் கம்பளி உறை. காலுறை ஒன்றே போதும். இரண்டு போட்டால் ஷூ இறுகி, ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் குளிரும்.