வீல்சேர்ல இருக்க ஆச்சிக்கு சரியா வெயிட் எடுக்கது எப்படி

பாளையங்கோட்டை பக்கம் முதியோர் இல்லத்துல புதுசா வேலைக்கு சேருத பிள்ளைங்களுக்காக எழுதுதேன். நிக்க முடிஞ்சவங்களுக்கு பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, காலைல பாத்ரூம் போயிட்டு வந்ததும் டிபனுக்கு முன்னாடி செருப்ப கழட்டிட்டு ஏத்திவிட்டா முடிஞ்சிது. வீல்சேர்தான் பாடு.

மெஷினு: முள்ளு வச்ச பாத்ரூம் மெஷின் வேண்டவே வேண்டாம். வீல்சேர் ஸ்கேல் கட்டுப்படியாகலன்னா அரிசிக்கடைல மூட்டை போடுத எலெக்ட்ரானிக் பிளாட்பாரம் தராசு போதும், ஆனா நாலு சக்கரமும் தட்டுக்குள்ள அடங்கணும், 100 கிராம் வித்தியாசம் காட்டணும். தண்ணி ஓட வாட்டம் வச்ச முத்தத்துல போடாதீங்க, உள்ள சமதரைல போடுங்க. தெரிஞ்ச அண்ணாச்சி கடைல 20 கிலோ எடைக்கல்லு வாங்கி அப்பப்ப வச்சி பாத்துக்கிடுங்க.

முதல்ல காலி சேர், குஷன் கால்மிதி எல்லாத்தோடயும். வந்தத சேர் முதுகுலயே மார்க்கர்ல எழுதிருங்க, ஒவ்வொரு சேரும் ஒவ்வொரு வெயிட்டு, குஷன மாத்துனா திரும்ப போடணும்.

பெறவு ஆச்சிய உக்கார வச்சி ஏத்துங்க, பிரேக் போடுங்க, ஏத்துன சறுக்குப்பலகைய தட்டுல படாம விலக்குங்க, நீங்களும் சேர்ல இருந்து கைய எடுங்க, ஆச்சி ஜன்னல் கம்பிய பிடிச்சிருக்காவளான்னும் பாருங்க. மடில போர்வை, வெத்தல டப்பா இருந்தா வாங்கி வச்சிருங்க. வந்த நம்பர்ல காலி சேர கழிக்கணும், அவ்வளவுதான்.

இதுல எல்லாரும் கோட்டை விடுத எடம் யூரின் பேக், டியூப் போட்டவங்களுக்கு சிறுநீர் சேருத பை. நெறஞ்சா 2 லிட்டர், அதாவது 2 கிலோ. 48 கிலோ ஆச்சி ஒரு மாசத்துல 2.4 கிலோ இறங்கினா 5 சதவீதம், டாக்டர்ட்ட உடனே சொல்ல வேண்டிய விசயம். போன மாசம் காலி பை, இந்த மாசம் நெறஞ்ச பைன்னா மெஷின் 400 கிராம்தான் கொறைச்சி காட்டும், ஒருத்தரும் கண்டுக்கிட மாட்டாவ. அதனால பைய காலி பண்ணிட்டுதான் ஏத்தணும், எப்பவும்.

2 கிலோவுக்கு மேல மாறினா காலி சேர்ல இருந்து திரும்ப எடுங்க. போன மாச நம்பர பாத்து ஒப்பேத்தி எழுதுதது மட்டும் கூடவே கூடாது. கூடுனாலும் சும்மா விடாதீங்க, இதய நோயாளிக்கு மூணு நாள்ல 2 கிலோ ஏறினா ஒடம்புல நீர் கோக்குதுன்னு அர்த்தம், கால் வீக்கத்த பாருங்க.

பெறவு சேத்தது: படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு என்ன செய்யன்னு ரெண்டு பேர் கேட்டாவ. தொங்கவிட்டு எடுக்க ஹாயிஸ்ட் ஸ்கேல் இல்லன்னா, தோள் எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவுல தையல்கடை டேப்ப வச்சி கைச்சுத்தளவு எடுங்க. 23.5 சென்டிமீட்டருக்கு கீழ இருந்தா பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு தக்க எடை இருக்கான்னு பாக்குத கணக்கு, அனேகமா 20க்கு கீழதான். கைய தொங்கவிட்டு, டேப்ப இறுக்காம, மாசாமாசம் அதே கைல எடுங்க.